‘செகண்ட்ஸ் அவுட்’ ஆல்பத்தில் ஹாக்கெட்டின் கிட்டார் ஒதுங்கி ஒலிப்பது ஏன்?

ஜெனிசிஸ் என்ற ஆங்கிலேய ராக் குழு 1977இல் வெளியிட்ட ‘செகண்ட்ஸ் அவுட்’ என்னும் லைவ் ஆல்பத்தில் (மேடைக் கச்சேரிப் பதிவில்) ஸ்டீவ் ஹாக்கெட்டின் கிட்டார் பல இடங்களில் பின்னுக்குப் போய்விட்டதுபோல் கேட்கிறதே, அவர் குழுவை விட்டு விலகிய கோபத்தில் மற்ற மூவரும் வேண்டுமென்றே அதைக் குறைத்துவிட்டார்களா, ஆறேழு ஆண்டுகள் உடனிருந்தவர் குழு ஏறுமுகத்தில் இருந்த அந்த நேரத்தில் ஏன் விலகினார் என்பதுதான் கேள்வி. இரண்டும் ஒரே கேள்வியின் இரு பக்கங்கள் என்பதால் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

சுருக்கமாகச் சொன்னால், பழிவாங்கும் எண்ணத்தில் கிட்டாரைக் குறைத்தார்கள் என்று நம்புவதற்கு ஆல்பத்தைக் கேட்கும்போது எனக்கு எந்தக் காரணமும் தெரியவில்லை. ஹாக்கெட் ஏன் விலகினார் என்பதற்கான சாட்சியமோ அதே ஆல்பத்தில் தெளிவாகவே இருக்கிறது. அதைத் தேட வேண்டிய இடம் ஆல்பத்தின் பாடல் பட்டியலும், ஒவ்வொரு பாடலையும் எழுதியவர் யார் என்ற விவரமும்தான். இதை விளக்க, குழுவுக்குள் அவருடைய இடம் எத்தகையது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ஜெனிசிஸ் 1967இல் இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் கோடால்மிங் ஊரிலுள்ள சார்ட்டர்ஹவுஸ் பள்ளியில் உருவான குழு. கீபோர்டு வாசித்த டோனி பேங்க்ஸ், பேஸ் கிட்டாரும் 12 தந்திக் கிட்டாரும் வாசித்த மைக் ரதர்ஃபோர்டு, பாடகர் பீட்டர் கேப்ரியல் ஆகிய மூவரும் அந்தப் பள்ளியின் மாணவர்கள். ஃபில் காலின்ஸ் 1970இல் டிரம்ஸ் வாசிக்க வந்தார். முதல் கிட்டார் கலைஞரான ஆன்டனி ஃபிலிப்ஸ் அதே ஆண்டில் விலகிவிட்ட நிலையில், ‘மெலடி மேக்கர்’ இசைவார இதழில் ஹாக்கெட் கொடுத்திருந்த விளம்பரத்தைப் பார்த்து கேப்ரியல் அவரைத் தொடர்புகொண்டார். தேங்கிப்போன இசை வடிவங்களைத் தாண்டிச் செல்லத் துணிந்த கலைஞர்களுடன் சேர விரும்புவதாக அந்த விளம்பரத்தில் ஹாக்கெட் எழுதியிருந்தார். 1971 ஜனவரியில் குழுவில் சேர்ந்தபோது அவருக்கு வயது 20. அதன்பின் ஆறு ஸ்டூடியோ ஆல்பங்களிலும் இரண்டு லைவ் ஆல்பங்களிலும் அவருடைய கிட்டார் ஒலிக்கிறது.

காலின்ஸும் ஹாக்கெட்டும் பள்ளி வட்டத்துக்கு வெளியிலிருந்து வந்தவர்கள். ஆனால் காலின்ஸ் கலகலப்பானவர், யாருடனும் உடனே ஒட்டிக்கொள்பவர், வாதம் முற்றும் நேரங்களில் சூழலை இலகுவாக்கியவர் என்று குழுவினரே சொல்லியிருக்கிறார்கள். ஹாக்கெட் அதிகம் பேசாதவர். கேப்ரியல் காலத்துக் கச்சேரிகளில் கண்ணாடி அணிந்து, கருப்பு உடையில், மேடையின் ஓரத்தில் நாற்காலியில் அமர்ந்து, தலையைக் குனிந்தபடி வாசித்துக்கொண்டிருப்பார். கூட்டத்தின் பார்வை முழுவதும் முகமூடிகளுடனும் வேடங்களுடனும் நின்ற பாடகர் மேல்தான் இருந்தது.

அவருடைய வாசிப்பைப் பற்றி இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆல்பத்தில் அவரைத் தேடிப் பலர் ஏமாறுவதற்கான காரணம் இதில்தான் இருக்கிறது. ராக் கிட்டார் கலைஞர்களில் பெரும்பாலோர் தந்தியை மீட்டும் அந்தக் கணத்தின் ஓசையையே தங்கள் அடையாளமாக வைத்திருந்தார்கள்; அந்தத் தட்டல் கேட்டவுடனேயே இது கிட்டார் என்று காது கண்டுகொள்ளும். ஹாக்கெட் அந்தத் தட்டலைத்தான் முதலில் நீக்கினார். ஒலியளவைக் கட்டுப்படுத்தும் பெடலைக் காலால் மூடி வைத்துக்கொண்டு தந்தியை மீட்டி, பிறகு மெதுவாகத் திறப்பார். சுரம் எங்கிருந்தோ மிதந்து வருவதுபோல் தோன்றி, வயலினைப்போல் நீண்டு, கரைந்துபோகும். அதன்மேல் கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் ஃபஸ் கருவியின் அடர்த்தியும் எதிரொலியும் சேர்ந்துவிட்டால், இது கிட்டாரா, பேங்க்ஸின் சிந்தசைசரா, மெல்லட்ரான் என்ற, நாடாவில் பதிந்த ஒலிகளை இசைக்கும் கீபோர்டின் தந்தி ஒலியா என்று பழகிய காதுகளுக்கே சந்தேகம் வரும். 1971இல் வெளிவந்த ‘நர்சரி கிரைம்’ ஆல்பத்திலேயே வலது கை விரல்களையும் கிட்டாரின் கழுத்துப் பகுதிக்குக் கொண்டுபோய்த் தந்திகளைத் தட்டி வாசிக்கும் முறையைப் பயன்படுத்தினார். அதன் விளைவும் இதேதான்: வேகமாக ஓடும் அந்தச் சுர வரிசைகள் கீபோர்டு வாசிப்பைப்போல் ஒலிக்கும்.

குழுவின் கூட்டு ஒலிக்குள் கிட்டாரைக் கரைத்துவிடுவது அவர் தெரிந்தே தேர்ந்துகொண்ட அழகியல். ஸ்டூடியோவில் ஒவ்வொரு அடுக்கையும் நிதானமாகப் பிரித்து வைக்க முடிந்ததால் அந்த அழகியல் முழுமையாக வெற்றி பெற்றது. மேடையில், அதுவும் 1977இன் மேடையில், அது அவருக்கே பாதகமாகத் திரும்பியது.

கேப்ரியல் 1975இல் விலகியபோது குழு முடிந்துவிட்டது என்றே இசை இதழ்கள் எழுதின. அந்தச் சமயத்தில் ஹாக்கெட்டின் மனநிலை எப்படியிருந்தது என்பதைக் காட்டும் ஒரு நிகழ்ச்சியை அவரே பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். அலெக்ஸ் ஹார்வி என்ற பாடகரின் குழுவுக்காக நடந்த விருந்தொன்றில், அலெக்ஸ் இல்லாவிட்டால் அந்தக் குழு ஒன்றுமே இல்லை என்று யாரோ பேசியது அவர் காதில் விழுந்திருக்கிறது. பாடகரை இழந்த தன் குழுவை நினைத்தபடி கையிலிருந்த ஒயின் கோப்பையை இறுகப் பற்ற, அது உடைந்து இடது கைக் கட்டைவிரலின் தசைநாணையும் நரம்பையும் அறுத்துவிட்டது. கிட்டார் கலைஞருக்கு இடது கைக் கட்டைவிரல் என்றால் என்ன என்பதை விளக்க வேண்டியதில்லை. விரல் தேறிவிட்டது, அந்தப் பதற்றம் தேறியதா என்று எனக்குச் சந்தேகம்.

அதே 1975இல் அவர் ‘வாயேஜ் ஆஃப் தி அக்கோலைட்’ என்ற தனி ஆல்பத்தை வெளியிட்டிருந்தார். காலின்ஸும் ரதர்ஃபோர்டும் அதில் வாசித்தார்கள். பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் அது 26ஆம் இடத்தைப் பிடித்தது. முதல் முறையாகத் தன் பாடல்களை யாருடைய ஒப்புதலுக்கும் காத்திராமல் தானே நினைத்தபடி முடித்து, அதற்கு வரவேற்பும் கிடைத்ததைக் கண்ட ஒருவர், மீண்டும் நால்வர் கூடி முடிவெடுக்கும் அறைக்குள் போய் அமர்ந்தார். எனக்குத் தெரிந்தவரை, விலகல் என்ற கதை அங்கேதான் தொடங்குகிறது.

கேப்ரியல் இருந்தவரை பாடல்கள் பொதுவாகக் குழுவின் பெயரிலேயே வெளியாயின. அவர் போன பிறகு எழுதியவர்களின் பெயர்களைப் பாடல்வாரியாகக் குறிப்பிடும் வழக்கம் வந்தது. அந்த மாற்றம் சிறியதாகத் தோன்றினாலும், அதுவரை மறைந்திருந்த பங்கீட்டை அது எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்துவிட்டது. நெதர்லாந்தின் ஹில்வரன்பேக் ஊரிலுள்ள ஸ்டூடியோவில் பதிவு செய்யப்பட்டு 1976 டிசம்பரில் வெளியான ‘விண்ட் அண்ட் வதரிங்’ ஆல்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்பது பாடல்களில் பேங்க்ஸின் பெயர் ஆறில் இருக்கிறது. அவற்றில் மூன்றை அவர் தனியாகவே எழுதியவர். ஹாக்கெட்டின் பெயர் நான்கில் வருகிறது, ஆனால் ஒன்றுகூட அவருக்கு மட்டும் உரியதல்ல. காலின்ஸுடன் சேர்ந்து அவர் எழுதிய ‘பிளட் ஆன் தி ரூஃப்டாப்ஸ்’ அந்த ஆல்பத்தின் மிகச் சிறந்த பாடல் என்பது என் கருத்து. நைலான் தந்திக் கிட்டாரில் அவர் தனியாக வாசிக்கும் அந்த முன்னுரை மட்டும் போதும், குழு எதை இழக்கவிருந்தது என்று காட்ட.

ஒதுக்கப்பட்டவையும் உண்டு. ‘ப்ளீஸ் டோன்ட் டச்’ என்று அவர் கொண்டுவந்த கருவியிசைப் படைப்பைக் குழு ஒத்திகை பார்த்துவிட்டு வேண்டாம் என்றது. அவர் பெரிதும் விரும்பிய ‘இன்சைட் அண்ட் அவுட்’ என்ற பாடல் ஆல்பத்தில் இடம்பெறாமல், 1977 மே மாதம் வெளியான ‘ஸ்பாட் தி பிஜன்’ என்ற மூன்று பாடல்கள் கொண்ட சிறு தட்டுக்குப் போனது. ஒவ்வொரு ஆல்பத்திலும் தன் பாடல்களுக்கு இவ்வளவு பங்கு என்று ஒரு உறுதி வேண்டும் என அவர் கேட்டதையும், அது மறுக்கப்பட்டதையும், தனி ஆல்பமும் குழுவும் ஒருசேர நடக்காது என்று தனக்குச் சொல்லப்பட்டதையும் ஹாக்கெட் பிற்காலப் பேட்டிகளில் விவரித்திருக்கிறார். மற்றவர்களின் தரப்பு, தரம் பார்த்துத்தான் பாடல்களை எடுக்க முடியும், பங்கு பிரித்து எடுக்க முடியாது என்பது. இதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் தரத்தைத் தீர்மானிக்கும் மேசையில் மூவரில் இருவர் பள்ளிக்காலத் தோழர்களாகவும், அவர்களில் ஒருவரே மிக அதிகமாக எழுதுபவராகவும் இருந்தால், அந்த அளவுகோல் எல்லோருக்கும் ஒரே உயரத்தில் இருந்தது என்று சொல்ல என்னால் முடியவில்லை. ஹாக்கெட்டின் இசை, பேங்க்ஸின் இசையைப்போல் பியானோவில் இசைத்துக் காட்டியவுடனே வடிவம் புலப்படும் வகையைச் சேர்ந்ததன்று. பாதி அதன் ஒலியில் இருக்கிறது, அந்த ஒலியைக் கட்டி முடித்த பிறகுதான் பாட்டு தெரியும். விவாத மேடையில் இப்படிப்பட்ட படைப்பு தோற்பது எளிது.

இனி 1977இன் சுற்றுப்பயணம். ஜனவரி முதல் தேதி லண்டனின் ரெயின்போ அரங்கில் தொடங்கி, அமெரிக்கா, மே மாதம் பிரேசில், பிறகு ஐரோப்பா என்று ஜூலை வரை நீண்டது. காலின்ஸ் இப்போது முன்னால் நின்று பாட வேண்டியிருந்ததால், ஃபிராங்க் ஸாப்பாவுடனும் வெதர் ரிப்போர்ட் குழுவுடனும் வாசித்திருந்த செஸ்டர் தாம்சன் டிரம்ஸுக்கு வந்தார். கருவியிசைப் பகுதிகளில் காலின்ஸ் பின்னால் ஓடிப்போய் இரண்டாவது டிரம்ஸில் அமர்ந்துவிடுவார். ‘ஆஃப்டர்குளோ’ பாடலின் இறுதியில் இருவரும் சேர்ந்து அடிக்கும் அந்தப் புகழ்பெற்ற உருட்டல், ஸாப்பாவின் குழுவில் தாம்சன் முன்பு வாசித்ததைக் கேட்டுக் காலின்ஸ் ஆசைப்பட்டு வாங்கிக்கொண்டது. மேடைக்கு மேலே போயிங் 747 விமானத்தின் தரையிறங்கும் விளக்குகளை வரிசையாகக் கட்டியிருந்தார்கள்.

இந்த மேடையின் ஒலியை எண்ணிப் பாருங்கள். இரண்டு டிரம்ஸ், ரதர்ஃபோர்டின் இரட்டைக் கழுத்துக் கிட்டாரும், அவர் காலால் மிதித்து அரங்கின் தரையையே அதிரவைத்த பேஸ் பெடல்களும், பேங்க்ஸிடம் ஆர்கன், மின்பியானோ, மெல்லட்ரான், சிந்தசைசர். கீழ் ஸ்தாயி முழுவதும் பெடல்களுக்குப் போய்விட்டது, நடு ஸ்தாயியைக் கீபோர்டுகள் நிரப்பிவிட்டன. ஹாக்கெட்டின் நீண்டு மிதக்கும் சுரங்கள் சரியாக அந்த நடு ஸ்தாயியிலேயே, ஏறத்தாழ அதே நிறத்தில் வந்து விழுகின்றன. மெல்லட்ரானின் தந்தி ஒலியும் பெடலால் மென்மையாக்கிய கிட்டாரும் ஒன்றாக ஒலிக்கும்போது எதை உயர்த்தினாலும் மற்றது மறையும். அரங்கின் எதிரொலியும் சேர்ந்துகொண்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். கிட்டார் அங்கேதான் இருக்கிறது; காதுக்கு அது கீபோர்டாகக் கேட்கிறது. ஒலியளவைக் குறைத்தார்கள் என்ற குற்றச்சாட்டில் பெரும்பகுதிக்கு இதுவே விடை என்று நினைக்கிறேன்.

மீதிப் பகுதிக்கான விடை, பதிவான ஒலிகளை அளவு பார்த்துக் கலக்கும் மிக்ஸிங் அறையில் இருக்கிறது. ஆல்பத்தின் பெரும்பகுதி 1977 ஜூனில் பாரிஸின் பலே தே ஸ்போர் அரங்கில் பதிவானது. ‘தி சினிமா ஷோ’ மட்டும் முந்தைய ஆண்டுப் பயணத்தில், பில் புரூஃபோர்டு டிரம்ஸ் வாசித்தபோது பாரிஸிலேயே பதிவானது. ஆகஸ்டில் லண்டனின் டிரைடென்ட் ஸ்டூடியோவில் தயாரிப்பாளர் டேவிட் ஹென்ட்ஷெலுடன் குழுவினர் அமர்ந்து ஒலிகளைக் கலக்கத் தொடங்கினார்கள். அந்த வேலை நடந்துகொண்டிருக்கும்போதே ஹாக்கெட் போய்விட்டார். ஸ்டூடியோவுக்குக் காரில் போய்க்கொண்டிருந்த காலின்ஸ் வழியில் ஹாக்கெட்டைத் தெருவில் கண்டு, ஏறிக்கொள்கிறாயா என்று கேட்டிருக்கிறார். அவர் மறுத்துவிட்டு, பிறகு தொலைபேசியில் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார். காலின்ஸ் ஸ்டூடியோவுக்குள் நுழைந்தபோதுதான் மற்ற இருவரும் செய்தியைச் சொன்னார்கள். அந்தக் காரில் ஏறியிருந்தால் காலின்ஸ் தன் மனதை மாற்றியிருப்பார் என்ற அச்சம் தனக்கு இருந்தது என ஹாக்கெட் பின்னர் ஒப்புக்கொண்டார். குழுவில் அவருக்கு நெருக்கமானவர் யார் என்பதும், முடிவு எவ்வளவு மெல்லிய நூலில் தொங்கியது என்பதும் இதில் தெரிகிறது.

அவர் போன பிறகு ஆல்பத்தின் மீதிப் பகுதியிலிருந்து அவரைக் கலைத்துவிட்டோம் என்று மற்றவர்கள் பேட்டிகளில் வேடிக்கையாகச் சொன்னதுண்டு. அந்த வேடிக்கையே வதந்தியாக வளர்ந்து, அரை நூற்றாண்டாகச் சான்றாகக் காட்டப்பட்டுவருகிறது. நடந்திருக்கக்கூடியதோ மிகச் சாதாரணமானது. மிக்ஸிங் அறையில் ஒவ்வொரு கலைஞரின் காதும் முதலில் தன் கருவியைத்தான் தேடும். இந்த இடத்தில் ஆர்கன் கேட்கவில்லையே என்று பேங்க்ஸ் சொல்வார், பேஸ் இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று ரதர்ஃபோர்டு சொல்வார், உறுதிக்குச் சற்று மேலே ஏற்றப்படும். இவர்கள் ஒவ்வொருவரும் ஏற்றும் அளவைச் சமன்செய்ய, கிட்டாரை உயர்த்துங்கள் என்று கேட்பதற்கு ஒருவர் அந்த அறையில் இருந்தாக வேண்டும். அவர் இல்லை. யாரும் எதையும் குறைக்காமலேயே கிட்டார் கீழே போய்விடுவதற்கு அது போதும்.

சந்தேகம் இருப்பவர்கள் ‘ஃபர்த் ஆஃப் ஃபிஃப்த்’ பாடலைக் கேட்க வேண்டும். 1973இல் வந்த ‘செல்லிங் இங்கிலாந்து பை தி பவுண்ட்’ ஆல்பத்தில் இது பேங்க்ஸின் பியானோ முன்னுரையுடன் தொடங்கும். மேடையில் அந்த முன்னுரையை அவர் கைவிட்டிருந்ததால், ‘செகண்ட்ஸ் அவுட்’டில் நேராகப் பாடலே ஆரம்பமாகிறது. நடுவில் வரும் நீண்ட கிட்டார் பகுதியின் மெட்டு அடிப்படையில் பேங்க்ஸ் பியானோவில் அமைத்தது. ஹாக்கெட் அதை எடுத்து, அதன் நடையைத் தளர்த்தி, ஒவ்வொரு சுரத்தையும் அடுத்த சுரத்தை நோக்கி வளைத்து, ஓரிடத்தில் ஒரே உச்ச சுரத்தைப் பிடித்துக்கொண்டு விடாமல் நிற்கிறார். கீழே மெல்லட்ரான் அலையாக எழும்ப, ரதர்ஃபோர்டின் பெடல்கள் அடியில் இறங்க, அந்தச் சுரம் மட்டும் அசையாமல் மேலே இருக்கிறது. பாரிஸ் பதிவில் இந்தப் பகுதி முழு அளவில், எல்லாவற்றுக்கும் முன்னால், துல்லியமாகக் கேட்கிறது. அவரைக் கலைத்துவிட வேண்டும் என்று நினைத்தவர்கள் தொடங்க வேண்டிய இடம் இதுவாகத்தான் இருந்திருக்கும். ‘தி மியூசிக்கல் பாக்ஸ்’ பாடலின் இறுதிப் பகுதியிலும் அப்படியே. தனி வாசிப்பு என்று யாவரும் ஒப்புக்கொண்ட இடங்களில் அவர் முழுமையாக இருக்கிறார். குழு ஒலியில் அவர் கரைந்து நிற்கும் இடங்களில், ‘ஸ்குவாங்க்’கிலும் ‘சப்பர்ஸ் ரெடி’யின் மென்மையான பின்னல்களிலும்தான், தேட வேண்டியிருக்கிறது.

இனி நான் முதலில் சொன்ன பட்டியலுக்கு வருகிறேன். இரண்டு இசைத்தட்டுகளில் பன்னிரண்டு பாடல்கள். ஏழு கேப்ரியல் காலத்தவை, எல்லோர் பெயரிலும் உள்ளவை. கேப்ரியலுக்குப் பிந்தைய ஐந்தில், ‘ஸ்குவாங்க்’ ரதர்ஃபோர்டும் பேங்க்ஸும் எழுதியது, ‘ராபரி, அசால்ட் அண்ட் பேட்டரி’ பேங்க்ஸும் காலின்ஸும் எழுதியது, ‘ஆஃப்டர்குளோ’ பேங்க்ஸ் தனியே எழுதியது; ‘டான்ஸ் ஆன் எ வால்கேனோ’, ‘லாஸ் எண்டாஸ்’ இரண்டும் நால்வர் பெயரிலும் உள்ளவை. எந்த ஆல்பத்தை முன்னிட்டு அந்தச் சுற்றுப்பயணம் நடந்ததோ, அந்த ‘விண்ட் அண்ட் வதரிங்’கிலிருந்து பேங்க்ஸின் ‘ஆஃப்டர்குளோ’ ஒன்றே ஒன்றுதான் எடுக்கப்பட்டிருக்கிறது. ஹாக்கெட் தன் இசை என்று நெஞ்சில் வைத்திருந்த எதற்கும் அந்த இரட்டைத் தட்டில் இடமில்லை. அந்தப் பயணத்தில் மேடையேறிய ‘இன்சைட் அண்ட் அவுட்’டும் இல்லை.

நேர்மையாகச் சொல்ல வேண்டுமானால், இதற்கும் தீய எண்ணத்தைக் காரணமாக்க முடியாது. ‘சப்பர்ஸ் ரெடி’ ஒன்றே இருபத்துநான்கு நிமிடங்களுக்கு மேல் ஓடி ஒரு தட்டின் ஒரு பக்கத்தை முழுவதுமாக எடுத்துக்கொள்கிறது. பேங்க்ஸின் ‘ஒன் ஃபார் தி வைன்’, ரதர்ஃபோர்டின் ‘யுவர் ஓன் ஸ்பெஷல் வே’ போன்றவற்றுக்கும் இடம் கிடைக்கவில்லை. ஆனால் பேங்க்ஸுக்கு ஒன்று போனால் நான்கு மிஞ்சும். ஹாக்கெட்டுக்கு ஒன்று போனால் எதுவும் மிஞ்சாது. அதுதான் வேறுபாடு.

இன்னொரு இடமும் இருக்கிறது. ‘தி சினிமா ஷோ’வின் இரண்டாம் பாதி பேங்க்ஸின் சிந்தசைசர் முன்னின்று நடத்தும் நீண்ட கருவியிசை, ஏழு எண்ணிக்கைத் தாளத்தில் ஓடுவது. பேங்க்ஸ், ரதர்ஃபோர்டு, காலின்ஸ் மூவரும் சேர்ந்து உருவாக்கிய பகுதி அது. ஹாக்கெட்டுக்கு அதில் வேலை இல்லை. இந்த ஆல்பத்தில் அதைக் கேட்கும்போது, ஆறே மாதங்களில் உலகம் அறியப்போகும் மூவர் குழு எப்படி ஒலிக்கும் என்பதற்கான முன்னோட்டம் காதில் விழுகிறது. அது அபாரமான வாசிப்பு என்பதையும் சொல்லத்தான் வேண்டும். புரூஃபோர்டும் காலின்ஸும் அங்கே ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டபடி வாசிக்கிறார்கள்.

லைவ் ஆல்பம் வெளியாகும் நேரத்தில் ஒரு முக்கியக் கலைஞர் போய்விடுவது ஜெனிசிஸுக்கு மட்டும் நேர்ந்ததன்று. யுஎஃப்ஓ குழுவின் ‘ஸ்ட்ரேஞ்சர்ஸ் இன் தி நைட்’ 1979இல் வெளியானபோது கிட்டார் கலைஞர் மைக்கேல் ஷென்கர் குழுவில் இல்லை. மரிலியன் குழுவின் ‘தி தீவிங் மேக்பை’ 1988 இறுதியில் வந்தபோது பாடகர் ஃபிஷ் போயிருந்தார். லைவ் ஆல்பம் நீண்ட பயணத்தின் முடிவில் தயாராவது. பயணம் நடக்கும்போது அடுத்த ஊர், அடுத்த மேடை என்று நாள் போய்விடும், யாருக்கும் யோசிக்க நேரமில்லை. அது நின்று, பல ஆண்டு உழைப்பைத் திரும்பத் திரும்ப ஒலிபெருக்கியில் போட்டுக் கேட்கும்போதுதான், இதில் என்னுடையது எது என்ற கேள்வி எழுகிறது.

விலகல் செய்தி 1977 அக்டோபர் தொடக்கத்தில் அறிவிக்கப்பட்டது. அதே மாதம் வெளியான ‘செகண்ட்ஸ் அவுட்’ பிரிட்டனில் நான்காம் இடத்தைப் பிடித்தது. அதற்குள் மற்ற மூவரும் ஹில்வரன்பேக் ஸ்டூடியோவுக்குத் திரும்பி அடுத்த ஆல்பத்தைப் பதிவு செய்துவிட்டிருந்தார்கள். முன்னணிக் கிட்டாரையும் ரதர்ஃபோர்டே வாசித்தார். 1978இல் வந்த அந்த ஆல்பத்தின் ‘ஃபாலோ யூ ஃபாலோ மீ’ பிரிட்டனில் ஏழாம் இடத்துக்குப் போய், அதுவரை குழு காணாத வெற்றியாயிற்று. கச்சேரிகளுக்கு டேரில் ஸ்டூர்மர் என்ற அமெரிக்கக் கிட்டார் கலைஞரைச் சேர்த்துக்கொண்டார்கள். தேர்ச்சியில் அவர் யாருக்கும் குறைந்தவரல்லர், ஆனால் அவர் கிட்டார் கிட்டாராகவே ஒலிக்கும்; மிதந்து வந்து கரையும் அந்தப் பழைய ஒலி குழுவிலிருந்து அத்துடன் போய்விட்டது.

ஹாக்கெட், குழு ஒதுக்கிய படைப்பின் பெயரையே தலைப்பாக வைத்து 1978இல் ‘ப்ளீஸ் டோன்ட் டச்’ ஆல்பத்தை வெளியிட்டார். ரிச்சி ஹேவன்ஸும் ரேண்டி கிராஃபோர்டும் அதில் பாடினார்கள். 1979இல் வந்த ‘ஸ்பெக்ட்ரல் மார்னிங்ஸ்’ அவருடைய தனி வாழ்க்கையின் உச்சம் என்பது பலரின் கருத்து, என்னுடையதும் அதுவே. அந்தத் தலைப்பு இசையைக் கேட்டால், ஜெனிசிஸில் அவர் மற்றவர்களுக்காகக் கரைத்துக் கொடுத்த அதே ஒலி, தனக்கென்று ஒரு மெட்டைச் சுமந்துகொண்டு நடுவில் நிற்பது புரியும். அவர் விலகியது சரியான முடிவுதான். குழுவுக்கு அதனால் பணமோ புகழோ குறையவில்லை, ஆனால் இசையின் நிறம் ஒன்று குறைந்தது. அது பின்னர் ஈடுசெய்யப்படவே இல்லை.

பகை நீடிக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1982 அக்டோபரில் கேப்ரியலின் கடன் சுமையைத் தீர்க்க மில்டன் கீன்ஸில் பழைய குழு ஒருநாள் ஒன்றுகூடியபோது, ஹாக்கெட் கடைசிப் பாடல்களுக்கு மேடையேறினார். அதே ஆண்டில் வெளியான ‘த்ரீ சைட்ஸ் லைவ்’ ஆல்பத்தின் பிரிட்டிஷ் பதிப்பில், 1976ஆம் ஆண்டுக் கச்சேரியிலிருந்து அவர் வாசித்த பதிவொன்றை மற்ற மூவரும் சேர்த்திருந்தார்கள். கலைத்துவிட நினைத்தவர்கள் செய்யும் காரியம் அல்ல இது.

கிட்டாரைத் தெளிவாகக் கேட்க விரும்புபவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. 2009இல் வெளியான ஜெனிசிஸின் லைவ் தொகுப்புப் பெட்டியில் நிக் டேவிஸ் இந்த ஆல்பத்தைப் பல ஒலிபெருக்கிகளுக்கு ஏற்பப் புதிதாகக் கலந்திருக்கிறார். கீபோர்டும் கிட்டாரும் வேறுவேறு இடங்களில் நிற்பதால், முன்பு கீபோர்டு என்று நினைத்திருந்த பல இழைகள் ஹாக்கெட்டுடையவை என்று தெரியவரும். அடுத்தது, 2021இல் ஹாக்கெட்டே தன் குழுவுடன் இந்த ஆல்பத்தை முழுவதுமாக மேடையில் வாசித்து, அந்த ஆண்டு செப்டம்பர் மாத மான்செஸ்டர் கச்சேரியை 2022இல் வெளியிட்ட பதிவு. நாட் சில்வன் பாட, ரோஜர் கிங் கீபோர்டு வாசிக்கிறார். கிட்டார் எதிர்பார்த்தபடியே நன்கு முன்னால் இருக்கிறது. முதலில் 1977இன் பதிவையும் அடுத்து இதையும், ‘சப்பர்ஸ் ரெடி’யை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒரே மூச்சில் கேட்பது நல்லது. பழைய பதிவில் கிட்டார் எங்கெங்கே இருந்தது என்பதைப் புதிய பதிவு காதுக்குக் கற்றுக்கொடுத்துவிடும்; திரும்பப் பழையதைக் கேட்டால், காணவில்லை என்று நினைத்த சுரங்களில் பெரும்பாலானவை அங்கேயே இருப்பது தெரியும்.